ஒரு கிலோவுக்குள் ஓர் உயிர்காப்புப் பை



குளிரைப் பற்றி எழுத நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கக்கூடும். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக வாழ்பவர்கள் நாம். நம் மாணாக்கர் அறிந்த குளிரெல்லாம் கேமரன் மலையின் காலைப் பொழுதும் பேரங்காடிகளின் குளிர்சாதனமும்தாம். ஆயினும், உயிரையே பறிக்கவல்ல குளிர் நம் நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சபா மாநிலத்தின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமுடையது. உயரே செல்லச் செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறரை பாகை வெப்பம் குறைகிறது. கடற்கரையில் 30 பாகை செல்சியசாக இருக்கும்பொழுது உச்சியில் 4 பாகை அளவுதான் இருக்கும். பகலவன் எழுமுன் அதனினும் குறையும். அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழான குளிராகவே தோன்றும்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவள் பள்ளியின் புறப்பாடக் குழு கினபாலு மலை ஏறத் திட்டமிட்டுள்ளது. அவளுடைய தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், நீங்கள் அந்த மலைக்குப் போய் வந்தவர்கள். பிள்ளையை அனுப்பலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அச்சத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. 2015 ஜூன் 5ஆம் நாள் காலையில் ரானாவ் வட்டாரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தை எந்தத் தாயும் ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மலையில் 18 பேர் மாண்டனர். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர் எழுவரும் அவர்களுடன் சென்ற ஆசிரியர் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

அந்தத் தாயாரிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: உருண்டு வரும் பாறையிலிருந்து எந்தப் பையும் நம்மைக் காக்காது. அது நம் கையில் இல்லை. ஆனால், அன்று பாறைக்குத் தப்பிய 130க்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டார்கள். வழி சிதைந்து, மூடுபனியால் உலங்கூர்திகளும் நெருங்க இயலாமல், பல மணி நேரம் அவர்கள் குளிரில் காத்திருந்தார்கள். மலைவழிகாட்டிகளே அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிர்காப்புப் பை என்பது அந்தக் காத்திருப்புக்கானது. நடந்துகொண்டிருக்கும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். நின்ற உடல்தான் குளிரிடம் தோற்கும்.

நிலநடுக்கம் போன்ற பேரிடர்தான் வரவேண்டும் என்பதுமில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து குடும்பத்தோடு வந்த 17 வயதுப் பெண் ஒருவர் இதே மலையுச்சியின் அருகே மூடுபனியில் வழிதவறிக் குளிரில் உயிரிழந்தார். ஒரு சுளுக்கு போதும்; ஒரு மூடுபனி போதும்.

சில ஆண்டுகளுக்குமுன் ஆசிரியர் நண்பர்கள் சிலருடன் நானும் இந்த மலையை ஏறினேன். 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடந்து, ஏறத்தாழ 3,270 மீட்டரில் உள்ள லாபான் ராத்தா விடுதியில் தங்கினோம். பின்னிரவு இரண்டரை மணிக்கு அங்கிருந்து உச்சியை நோக்கிப் புறப்பட்டோம். கருங்கல் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தில் முன்னால் சென்றவர்கள் நின்றுவிட்டதால், நாங்களும் இருபது நிமிடம் போல நிற்க நேர்ந்தது. அதற்குள் ஒரு தோழிக்கு நடுக்கம் எடுத்தது. ஏறும்பொழுது வியர்த்த பருத்திச் சட்டை உடலோடு ஒட்டிக் குளிர்ந்துவிட்டது. பேச்சுக் குழறியது. நல்ல தடித்த மேலங்கி அவரிடம் இருந்தது; ஆனால் அது சுமைதூக்குபவரிடம் ஒப்படைத்த மூட்டையில், விடுதியில் பத்திரமாக இருந்தது. வழிகாட்டி தம் இடுப்புப் பையிலிருந்து உள்ளங்கை அளவில் மடித்த வெள்ளிப் படலப் பை ஒன்றை எடுத்தார். ஈரச் சட்டையைக் களையச் செய்து, மற்றொருவரின் உலர்ந்த சட்டையை அணிவித்து, படலப் பைக்குள் நுழைத்து, சூடான மைலோவைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தோம். கால் மணி நேரத்தில் அவர் பேச்சுத் தெளிந்தது. பின்னர் வழிகாட்டி அவரை விடுதிக்கு அழைத்துச் சென்றார்.

அன்றுமுதல் இதுபற்றி நான் சொல்லிவரும் விதி ஒன்றே: உடலோடு இல்லாத பொருள் இல்லாத பொருளே. ஆகவே, பை சிறியதாக இருக்க வேண்டும். பெரிய பையைப் பிள்ளைகள் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் அளவு, ஒரு கிலோவுக்குள் எடை என்பதே என் கணக்கு.

பையில் இருக்க வேண்டியவை இவை:

1. வெள்ளிப் படலப் பை. போர்வையைவிடப் பை வடிவம் நல்லது. காற்று அதைப் பறித்துச் செல்லாது. உடலிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரை இது திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும்.

2. சிறு நுரைப்பாய்த் துண்டு. உட்காரும் அளவு போதும். குளிர்ந்த பாறையில் அமர்ந்தால் வெப்பம் கீழ்வழியாக ஓடிவிடும். அதைப் படலத்தால் தடுக்க இயலாது.

3. பெரிய குப்பைப் பைகள் இரண்டு. கனமானவையாக வாங்குக. ஒன்றில் முகத்துக்கு இடம் வெட்டினால் மழையங்கி. மற்றொன்று கால்களுக்கு.

4. கம்பளித் தொப்பியும் ஒரு இணைக் காலுறையும். பருத்தி வேண்டா. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைவிற் கொள்க.

5. இருவகைக் கையுறைகள். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே ரப்பர். கயிறு எப்பொழுதும் ஈரமாக இருக்கும். கடையில் விற்கும் விலையுயர்ந்த கையுறை இல்லையேல், பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையே போதுமானது.

6. தலைவிளக்கும் மாற்று மின்கலங்களும். குளிரில் மின்கலம் விரைவில் சோரும். லித்தியம் வகை மேலானது. கைப்பேசியையும் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைக்க வேண்டும்.

7. விசில். மலைகளில் உதவி கேட்கும் முறை, ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது. குரல் கம்மிவிடும், விசில் கம்மாது.

8. கைச்சூட்டுப் பொட்டலங்கள் நான்கு. உள்ளிருக்கும் இரும்புத் தூள் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து சூடாகிறது. மலைமேல் உயிர்வளி குறைவாதலால் சூடும் மெதுவாகவே ஏறும். வெறுந்தோலில் வைக்கலாகாது.

9. இனிப்பு. கடலை மிட்டாய், குளுக்கோஸ் வில்லை. நடுங்குவதற்கும் உடலுக்கு எரிபொருள் வேண்டும்.

10. முக்கோணக் கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, அவரவர் மருந்து. ஈளை நோயுள்ள பிள்ளைக்கு உறிஞ்சு மருந்து கட்டாயம் இடுப்பில் இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் எங்கள் வீட்டு அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். 900 கிராம்தான். சூடான பானம் நிறைந்த சிறு வெந்நீர்க்குடுவை தனி.

குளிர்நாட்டவர் எழுதும் நூல்களைப் படித்தவர்கள் "தீப்பெட்டி எங்கே?" என்று கேட்பார்கள். அவர்களுடைய காடுகளில் விறகு உண்டு. கினபாலுவின் மேற்பகுதியோ வெறும் கருங்கல். அங்கே எரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் நெருப்பின் இடத்தில் வெந்நீர்க்குடுவையை வைக்கிறேன். செல்லும் இடத்தை அறிந்து பையை நிரப்ப வேண்டுமே தவிர, பட்டியலைப் பார்த்து நிரப்பலாகாது.

பொருளோடு அறிவும் வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்குவதே ஆபத்தின் எல்லை. அதன் அடையாளங்களைப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுக்கலாம்: முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் பணிய மறுக்கும், பேச்சுக் குழறும், நடை தடுமாறும். குளிர் நீங்காமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது நற்குறியன்று, பெருங்கேடு. கை கால்களைத் தேய்த்துவிடுவது கூடாது. மது கூடவே கூடாது. தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தவருக்கு மட்டுமே பானம் கொடுக்க வேண்டும். உயர்மலை நோயிலும் நடை தடுமாறுவதுண்டு. இது குளிரா, உயரமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. எதுவாயினும் வழிகாட்டியிடம் சொல்லிப் பாதுகாப்பாகக் கீழே இறங்குவதே முறை.

இனி, நான் மிக முதன்மையாகக் கருதுவதைச் சொல்கிறேன். அந்தத் தாயாரிடம் பையை வாங்கி நிரப்பச் சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. பயணத்துக்கு முன் ஒருநாள் இரவு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, மகளின் கைகளைப் பனிக்கட்டி நீரில் இரண்டு நிமிடம் வைக்கச் சொல்லி, அந்த மரத்த விரல்களால் பையைத் திறந்து, படலப் பையை விரித்து, உள்ளே நுழையச் சொல்லுங்கள் என்றேன். மறுவாரம் அவரே அழைத்தார். முதன்முறை மகளால் பையின் பல்லிணைப்பையே இழுக்க முடியவில்லையாம். இழுப்பானில் ஒரு கயிற்று வளையத்தைக் கட்டிய பிறகு, மூன்றாம் முறை நான்கே நிமிடத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்தாளாம். "அனுப்பலாமா" என்ற கேள்வியை அவர் மீண்டும் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நான் அல்லேன் என்பதை அவரும் உணர்ந்திருப்பார். மகள் படலப் பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிச் சிரித்ததைச் சொல்லி அவரும் சிரித்தார்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒன்று, கேட்டது மறக்கும், செய்தது நிலைக்கும் என்பது. வகுப்பறையில் அதை நாம் எளிதாகப் பின்பற்றுகிறோம். பயணங்களுக்கு மட்டும் ஏனோ ஒரு தாளில் பட்டியல் அச்சிட்டு, பெற்றோரின் கையொப்பம் வாங்கி, கடமை முடிந்ததென இருந்துவிடுகிறோம். கையொப்பம் பள்ளியைக் காக்கும்; பிள்ளையைக் காக்காது.

ஆகவே, மாணாக்கரை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. புறப்படும் முன் ஒருநாள் பள்ளித் திடலில் அனைவரையும் அவரவர் பைகளுடன் வரச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றைத் திறக்கப் பழக்குங்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் மற்றொருவரின் பேச்சையும் நடையையும் கவனிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தனக்குக் குளிர் ஏறுவதைத் தானே அறிவது கடினம், தோழன்தான் முதலில் அறிவான். ஒரு பாடவேளை போதும். அந்தப் பை பயன்படாமலே வீடு திரும்பினால் மகிழ்ச்சி. பயன்பட நேர்ந்தால், அதைத் திறக்கத் தெரிந்த கை அதனோடு இருக்கட்டும்.