சுமை இறங்கிய கணவாய்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் விசித்திரமானவர்கள். ஊரார் நல்ல ரோடு கேட்டு மனுக் கொடுப்பார்கள். இவர்களோ மோசமான ரோடு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, சைக்கிளை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். இமாசலப் பிரதேசத்தில் இப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகளாக இழுத்து வந்தது ரோதங் கணவாய். மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர், உயரம் 3,978 மீட்டர்.

மணாலியில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அந்த 54 வயதுக்காரருக்கு அது உள்ளூர்ச் சாலை. வெளிநாட்டுப் பயணி ஒருவர் விற்றுவிட்டுப் போன சைக்கிளில் 1990களில் முதன்முதலாக ஏறினார். மணாலிக்கும் கணவாய்க்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். ஆனால் அவரைப் படாதபாடு படுத்தியது மூச்சு அல்ல, சேறு. மர்ஹிக்கு மேலே ராணி நாலாவில் பனி உருகி ரோட்டில் வழியும். லாரிகளும் டாக்சிகளும் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டிப் போவது தனிச் சந்தோஷம் என்கிறார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. லே செல்லும் ராணுவ வண்டிகள், லாஹூலுக்கான சரக்கு, பனி பார்க்க வரும் கூட்டம் எல்லாமே அந்த ஒரே ரோட்டில் ஏறின. டீசல் புகையில் பனி கறுத்தது. 2012 வாக்கில் அவர் போவதை நிறுத்திக்கொண்டார். பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. சுற்றுலா வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 800 பெட்ரோல், 400 டீசல் என்று வரம்பு வந்தது. பெரிய மாற்றம் வந்தது மலைக்குக் கீழே. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. மணாலி - லே தூரத்தில் 46 கிலோமீட்டர் குறைந்தது. கணவாயைக் கடக்க மணிக்கணக்கில் தவித்த லாரி, கால் மணி நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

2022 செப்டம்பரில் அவர் மறுபடி சைக்கிளை எடுத்தார். ராணி நாலாவில் தார் ரோடு. கால்கூட ஈரமாகவில்லை. உச்சிவரை சுற்றுலா டாக்சிகள் இருந்தன. உச்சியைத் தாண்டி கிராம்பூவை நோக்கி இறங்கும்போது எதிரே வண்டியே இல்லை. கீழே சந்திரா நதியின் இரைச்சல்கூடக் கேட்டது. அத்தனை வருடங்களில் அங்கே அவர் கேட்டதெல்லாம் ஹாரன்தான். ஆனாலும் அவருக்கு மனம் நிறையவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரோதங் மாதிரி இல்ல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அதற்கு வீட்டிலேயே பதில் கிடைத்தது. அவர் மனைவி லாஹூல்காரர். பிறந்த ஊர் கணவாய்க்கு அப்பால், சந்திரா நதிக்கரையில். பனிக்காலத்தில் சுமார் ஆறு மாதம் ரோதங் மூடிக் கிடக்கும். நோயாளிகள் அரசு ஹெலிகாப்டருக்காகக் காத்திருப்பார்கள். வானம் தெளிந்தால்தான் அதுவும் வரும். 1996 ஜனவரியில் அவருடைய அப்பா இறந்த செய்தி மணாலிக்கு வந்தது. மகள் ஊர்போய்ச் சேர்ந்தது ஜூன் மாதம். "உங்களுக்கு ரோதங்ன்னா சேறு. எனக்கு அது அஞ்சு மாசம்" என்றார் மனைவி. ரோதங் என்ற பெயருக்கே பிணக்குவியல் என்று பொருள் சொல்கிறார்கள். கடக்கப்போய்ப் பனியில் மடிந்தவர்கள் அத்தனை பேர்.

கஷ்டத்தைத் தேடிப் போகிறவனும் கஷ்டத்தில் மாட்டிக்கொண்டவனும் ஒரே பாதையில் நடந்தால், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சுரங்கப்பாதை அவர்களைப் பிரித்துவிட்டது. போயே ஆக வேண்டியவர்கள் அடியில் போகிறார்கள். ஆசைப்பட்டவர்கள் மேலே ஏறுகிறார்கள்.

கவலைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. கூட்டம் இப்போது சுரங்கத்தின் வழியே சிஸ்ஸுவுக்குப் போகிறது, பிளாஸ்டிக் பைகளோடு. லேவுக்குப் போகிறவர்களுக்கு இனி கணவாய் ரோடு தேவையில்லை. தேவை குறைந்த ரோட்டுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் பனி அள்ளும் எந்திரத்தை எத்தனை காலம் அனுப்புவார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் யோசிக்கிறார். ஒரு காலத்தில் அந்த ரோடு திருந்தவே கூடாது என்று நினைத்தவர், இன்று அது கைவிடப்படக் கூடாதே என்று கவலைப்படுகிறார்.

இப்போதெல்லாம் செப்டம்பரில் இருவரும் ஒரே நாளில் லாஹூலுக்குக் கிளம்புகிறார்கள். மனைவி பஸ்ஸில், சுரங்கம் வழியாக. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மா வீட்டில் இருப்பார். கணவர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

"மேலே யாராவது இருந்தாங்களா?" என்று கேட்பார் மனைவி.

"இறக்கத்துல ஒரு ஆட்டு மந்தை. அதுக்கு வழிவிட்டு நின்னதுலதான் லேட்."

மனைவி நம்புவதில்லை. ரொட்டியை மட்டும் மறுபடி சூடு பண்ணிக் கொடுப்பார்.