நாலரைக்குப் பிறகு ஆனையிறவு

மே 4

வெள்ளவத்தை வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு உமையாள்புரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. இவருக்கு நீர்ப்பாசனப் பகுதியில் மாற்றம், அலுவலகம் கிளிநொச்சியில். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. பரந்தன் தாண்டி, ஆனையிறவு வெளி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இந்த வீடு கிடைத்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, முற்றத்தில் ஒரே ஒரு வேம்பு.

கொழும்பில் விடைபெறப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: “ஆனையிறவிலயா? பிள்ளையளை வைச்சுக்கொண்டு அங்க என்ன செய்யப்போறீர்?” ஆனையிறவு தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அங்கே இறங்கி நின்றவர்கள் குறைவு. வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகளை இந்த ஒடுங்கிய நிலத்தால் நடத்திப் போய் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் இங்கே காவற்கோட்டை வைத்தார்கள். பிறகு ஏ9 வீதியும் ரயிலும் வந்தன. பிறகு போர் வந்தது, அது எல்லாருக்கும் தெரியும். எவர் வந்தாலும் அந்தப் பக்கத்துக்கோ இந்தப் பக்கத்துக்கோ போவதற்காகத்தான் வந்தார்கள்.

நாங்கள் இருக்க வந்திருக்கிறோம், ஏழு வயதுப் பெண்ணோடும் நாலு வயதுப் பையனோடும், நல்ல கோடையில்.

மே 18

முதற் பிரச்சினை தண்ணீர். கிணறு உவர். சோப்பு நுரைக்காது, தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி நிற்கிறது. குடிக்கவும் சமைக்கவும் பவுசரில் வரும் தண்ணீர்தான். கொழும்பில் பைப்பைத் திறந்துவிட்டுப் பல் விளக்கிய சின்னவன், இங்கே பேணியில் அளந்து வாய் கொப்பளிக்கிறான்.

பக்கத்து வளவு ஆச்சி வந்து பார்த்துவிட்டு முறை சொல்லித்தந்தா. “பிள்ளை, கிணத்துத் தண்ணியில குளிக்க வார்த்துப்போட்டு, கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்திவிடும். மேல் கடிக்காது.” அன்றிலிருந்து சின்னவனுக்கு அந்தக் கடைசிச் செம்புதான் குளிப்பு, மற்றதெல்லாம் தண்டனை.

மூத்தவள் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, நீங்கள் தண்ணிக் கந்தோரில தானே வேலை? ஏன் எங்கட வீட்டுக்குத் தண்ணி இல்லை?” இவர் கொப்பியில் படம் கீறினார். கனகராயன் ஆறு தெற்கே வவுனியாப் பக்கமிருந்து வருகிறது. வழியில் இரணைமடுவில் மறித்துக் குளமாக்கி, வாய்க்கால்களால் வயலுக்கு விடுகிறார்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால், மிச்சத் தண்ணீர் வடக்கே ஓடி எங்கள் வீட்டுக்கு அப்பால் இருக்கும் இந்தக் கடல்நீரேரியில் கலக்கிறது. “அப்ப நல்ல தண்ணி உப்புக்குள்ள போய் வீணாப் போகுதா?” என்றாள்.

ஒரு பொறியியலாளரும் அதைத்தான் கேட்டார் என்று இவர் சொன்னார். 1950களில் ஆறுமுகம் என்பவர், ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள நீரேரியை மறித்து நன்னீர் ஏரியாக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாறு வரைக்கும் கொண்டுபோகத் திட்டம் போட்டார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்பது அதன் பெயர். வேலை தொடங்கியும் முடியவில்லை. மூத்தவள் படத்தில் வாய்க்காலுக்கு நீல நிறம் தீட்டிவிட்டுப் படுக்கப் போனாள். அவளுடைய கொப்பியில் திட்டம் முடிந்துவிட்டது.

ஜூன் 8

சோளகம் கிளம்பிவிட்டது. இரண்டு பக்கமும் வெளி. தென்மேற்கிலிருந்து வரும் காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லாத இடங்கள் உண்டு. சோற்றுக்குள் மண் விழுகிறது. காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்தில் விறைத்து நிற்கிறது. பிள்ளைகளின் உதடு வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் பூசவேண்டியிருக்கிறது.

சின்னவன் பட்டம் கேட்டு அழுதான். ஈர்க்கும் ரிசுப்பேப்பரும் எடுத்து ஒன்று கட்டிக்கொடுத்தேன். ஏறின வேகத்தில் கிழிந்து வேலியில் தொங்கியது. ஆச்சி சிரித்தா: “தம்பி, பட்டம் தைப்பொங்கலுக்கு. வாடைக் காத்து வரட்டும்.” கொழும்பில் பட்டம் கடையில் கிடைக்கும்போது ஏற்றுவது. இங்கே காற்றின் பெயர் தெரிய வேண்டும். இப்போது மூத்தவள் காலையில் வேம்பைப் பார்த்து, “இண்டைக்கும் சோளகம்தான்” என்று செய்தி வாசிக்கிறாள்.

பகல் பத்து மணி தொடங்கி நாலரை வரைக்கும் வெளியே கால்வைக்க முடியாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. மணல் சுடும், வெளி கண்ணைக் கூசும். அதனால் எங்கள் நாள் இரண்டு துண்டு. காலையில் ஒரு துண்டு, பின்னேரம் ஒரு துண்டு. நடுவில் நுங்கு, மோர், நித்திரை, சண்டை.

ஜூன் 22

நாலரைக்குப் பிறகு எங்கே போவது? கொழும்பில் கோல்பேஸ் இருந்தது, ஊஞ்சல் இருந்தது. இங்கே நாங்கள் கண்டுபிடித்த பூங்கா, ஆனையிறவு ரயில் நிலையம். 1990இல் நின்ற ரயில், 2014 மார்ச்சில் பளை வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியபோது இந்த நிலையத்துக்கும் உயிர் வந்தது. கூரை இருக்கிறது, வாங்கு இருக்கிறது. காற்றைத் தவிர வேறு கூட்டம் இல்லை. ரயில் வந்தால் இரண்டு பேரும் கை காட்டுவார்கள். யன்னலோரத்தில் இருப்பவர்களும் காட்டுவார்கள்.

“அம்மா, அவை ஏன் இஞ்ச இறங்கேல்லை?” என்று சின்னவன் கேட்டான். “அவை யாழ்ப்பாணம் போகினம்.” “நாளைக்கும் யாழ்ப்பாணம்தானா?” நாளைக்கும் யாழ்ப்பாணம்தான் என்றேன்.

ஜூலை 6

உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் பாத்திகளை வெளியிலிருந்து காட்டினார். பிரித்தானியர் காலத்தில், 1930களில் தொடங்கிய உப்பளம் இது. 1990இல் போரோடு உற்பத்தி நின்று, நெடுங்காலம் வெறும் வெளியாகக் கிடந்தது. 2025 மார்ச்சில் புதிய தொழிற்சாலையும் திறந்திருக்கிறார்கள். அக்கா தலையில் துணி சுற்றி, அதன்மேல் தொப்பி வைத்து, முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டிருந்தார். காலுறை மட்டும் இல்லையென்றால் உப்புத் தண்ணீர் காலைத் தின்றுவிடும் என்று சொல்லி, குதிக்கால் வெடிப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். மூத்தவள் குனிந்து பார்த்துவிட்டு, “நோகுமா?” என்றாள். “இரவில நோகும்” என்றார்.

ஒரு பாத்தியின் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. சாயம் கலந்துவிட்டார்கள் என்று சின்னவன் தீர்ப்புச் சொன்னான். அது உயிர். உப்புக் கடுமையாக ஏறிய தண்ணீரில் வேறெதுவும் வாழாதபோது, சில நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மட்டும் பெருகி அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். இப்படிப்பட்ட பாசியையும் அதைத் தின்னும் சிறு கூனியையும் தின்றுதான் அதன் இறகு சிவக்கிறது. அந்த நேரத்தில் அங்கே பூநாரை ஒன்றும் இல்லை. கூழைக்கடா இரண்டும் நெடுங்கால் உள்ளான் கூட்டமும் நின்றன. கிழக்கே சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவானது. மாரியில் வெளிநாட்டுப் பறவைகள் வரும்போது அங்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 13

நீரேரித் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்து எவர்சில்வர் தட்டத்தில் ஊற்றி முற்றத்தில் வைத்தோம். சாதாரணக் கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் வற்றிய நீரேரியில் அதைவிடக் கூட.

தட்டத்தில் முதலில் வெள்ளையாக ஒரு படலம் வந்தது. மூத்தவள் “உப்பு!” என்று கத்திக்கொண்டு விரலை வைத்து நக்கினாள். உப்பே இல்லை. முதலில் படிவது சுண்ணாம்பும் ஜிப்சமும்தான். கடல்நீர் பத்தில் ஒரு பங்காக வற்றின பிறகுதான் கறியுப்பு கட்டத் தொடங்கும். அடுத்த நாள் மத்தியானம் தட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவும் படிப்படியாகக் குழிந்திருந்தது. அது கல் மிதந்துகொண்டு வளர்ந்ததற்கு அடையாளம். சின்னவன் அதைக் குட்டிக் கோவில் கேணி என்றான்.

மிச்சம் இருந்த கடைசித் தண்ணீரையும் மூத்தவள் காயவிடப் பார்த்தாள். ஊற்றச் சொன்னேன். அதில் மக்னீசியம், கசக்கும். உப்பளத்திலும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். இரண்டு தேக்கரண்டி உப்புக் கிடைத்தது. அன்றிரவு பருப்புக்கு அதைத்தான் போட்டேன். பருப்பு வேண்டாம் என்று வழக்கமாகக் கோப்பையைத் தள்ளிவிடும் சின்னவன், இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

ஜூலை 20

சாவகச்சேரியில் மாமி வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். முகமாலையில் மூத்தவள் பலகைகளை வாசித்தாள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, கயிறு, அளவாக வெட்டிய மண். உலகத்தில் மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைத்த நிலங்களில் ஒன்று அது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைத் தம்பிக்கு அவளே ஒப்பித்தாள்: “தெரியாத சாமானைத் தொடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, பெரியாக்களிட்டச் சொல்லவேணும்.” கொழும்பில் இதே பிள்ளைக்கு வீதி கடக்கச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே பாடம் வேறு. தம்பி கேட்டான்: “எங்கட வளவுக்குள்ள?” எங்கள் வளவு துப்புரவாக்கியாயிற்று, பேப்பர் பார்த்துத்தான் வந்தோம் என்றேன். திரும்பி வந்ததும் பேப்பரைக் கேட்டு வாங்கித் தலைகீழாகப் பிடித்து வாசித்தான்.

ஜூலை 27

“அம்மா, நீங்கள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க இஞ்ச வந்தனீங்களா?”

1991இல் எனக்கு ஆறு வயது. போரால் ஏ9 வீதி பூட்டு. கொம்படியிலிருந்து ஊரியானுக்கு, இந்த நீரேரியின் கிழக்குப் பக்கத்தால், இரவில் தண்ணீருக்குள் நடந்து வந்தோம். அப்பா சைக்கிளைத் தள்ள, நான் கரியரில் உடுப்புப் பையோடு. தூங்கினால் விழுந்துவிடுவேன் என்று அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டே நடந்தா. வெளிச்சம் காட்டக்கூடாது, கதைக்கக்கூடாது.

இதைச் சொல்லிவிட்டு அவள் பயப்படுவாளோ என்று பார்த்தேன். “உப்புத் தண்ணியிலயா? அம்மப்பான்ர சைக்கிள் துருப்பிடிக்கேல்லையா?” என்றாள்.

பிடித்தது. கரை ஏறினதும் ஒரு வீட்டுக் கிணற்றடியில் அப்பா எங்கள் காலைக் கழுவ முன்னம் சைக்கிளைத்தான் கழுவினார். அப்படியும் பிறகு செயின் மாற்றவேண்டி வந்தது. அந்தச் செயினை நான் முப்பத்துநாலு வருடமாக நினைத்ததில்லை. இவள் உப்புத் தண்ணீரில் கைவைத்தவள். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

ஆகஸ்ட் 3

நல்லூர் கொடியேறிவிட்டது. ஏ9இல் வான்களுக்குக் குறைவில்லை. ஸ்காபரோவிலிருந்து மச்சாள் குடும்பமும் வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கும் இது கோடை விடுமுறைதான். ரொறன்ரோவில் நீச்சல் வகுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆனையிறவைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணம் போவது திட்டம்.

மச்சானுக்குப் பார்க்கவேண்டியவை தெரியும். 1991 சண்டையில் இரும்புத் தகடு அடித்துக் கொண்டுவந்த புல்டோசர், 2009க்குப் பிறகு எழுப்பிய, தீவின் படத்தைக் கைகள் ஏந்தி நிற்கும் தூபி. இரண்டும் வெற்றிபெற்ற பக்கம் வைத்தவை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இதே இடம் மறுபக்கம் கைமாறியதைச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அதை மச்சான் வான் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தானே சொன்னார். பிள்ளைகள் புல்டோசரில் ஏறலாமா என்று கேட்டார்கள். பகல் பன்னிரண்டு மணி. எல்லாரும் படம் எடுத்தார்கள்; வெயில் கடித்தது; வானுக்குள் ஏசி.

மூத்தவள் மட்டும் கோபமாக நின்றாள். “மாமி, இந்த நேரத்தில வந்தா ஒண்டும் தெரியாது. நாலரைக்குப் பிறகு வாங்கோ. சோளகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டா கண்ணுக்குள்ள மண் போகாது. நான் சிவப்புத் தண்ணி காட்டுறன்.” மச்சாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, திரும்பிப் போகும்போது கட்டாயம் என்றா.

ஆகஸ்ட் 12

பள்ளி விடுமுறை. மச்சாள் ஆக்கள் சொன்னபடி வந்தார்கள், அதுவும் பின்னேரம். ஐந்து பிள்ளைகளும் நிலையத்தில் ரயிலுக்குக் கை காட்டினார்கள். பாத்தி ஓரமாக நின்று சிவப்புத் தண்ணீர் பார்த்தார்கள். கனடாப் பையன் உள்ளானின் காலைப் பார்த்து, அது குச்சி கட்டி நடக்கிறது என்றான். மூத்தவள் தட்டத்து உப்பைக் கடதாசிச் சரையில் சுற்றி ஆளுக்கொன்று கொடுத்தாள். கடைக்காரி மாதிரிக் காசும் கேட்டாள்.

மச்சான் என்னிடம் சொன்னார்: “இஞ்ச பிள்ளையளுக்கு இவ்வளவு இருக்கெண்டு தெரியாமப் போச்சு.” இருந்தது. இறங்கி நிற்க ஒரு நிழல்தான் இல்லை. அந்தத் தூபிகளுக்கு வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது. உப்பு எப்படி விளைகிறது, எந்தப் பறவை எந்த மாதம் வரும், ஆறு எந்தப் பக்கத்தால் கடலுக்குப் போகிறது என்று சொல்லும் பலகைகளோடு ஒரு கிடுகுக் கொட்டில் போடலாம். குடிக்க ஒரு தாங்கித் தண்ணீர், காற்றை மறிக்க வேலியோரம் நாலு வேம்பு. போரைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கச் சொல்லவில்லை. என் மகளுக்கு அதையும் சொல்லித்தான் வளர்க்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் சண்டை மட்டும்தான் நடந்தது என்று கேட்டு வளரும் பிள்ளை, பெரிதானதும் அந்த இடத்தைத் தாண்டிப் போகத்தான் பார்க்கும்.

இரவு இவரிடம் கொட்டிலைப் பற்றிச் சொன்னேன். பிரதேச சபைக்குக் கடிதம் எழுது என்றார். எழுதத் தொடங்கினேன். மூத்தவள் பக்கத்தில் இருந்து திருத்தினாள்: நாலு வேம்பு போதாது, பத்துக் கேளுங்கோ, குறைச்சுத்தான் தருவினம் என்றாள். பத்து என்று எழுதியிருக்கிறேன்.