வாடி கைமாறியபோது

உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தாம் எழுதிய மூலநிரல்களை வைத்துப் பேணியும், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தியும் வந்த கிட்ஹப் என்னும் ஸ்தாபனத்தை, ரொக்கமாக அன்றித் தன் பங்குகளாகவே 750 கோடி டொலர் கொடுத்து வாங்கப்போவதாக 2018 ஜூன் 4 ஆம் திகதி மைக்ரோசொப்ட் பிரகடனம் செய்தபோது, எங்கள் கரையோர ஊரான கோமாரியில் அதைப் பற்றி விசாரப்பட்டவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க நியாயமில்லை. எனக்கு அச்செய்தி சகானாவின் ஞாபகத்தை உண்டாக்கிற்று.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எங்கள் கரையில் ஏறி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், காணாமற் போனவர் யார், முகாமில் இருப்பவர் யார், எந்த முகாமில் எது போதாது என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதி மாளாதென்று கண்ட இலங்கை நிரலாளர்கள், ஊதியம் கருதாது அவசரம் அவசரமாக எழுதிய மென்பொருளே சகானா. அதனை எவரும் எடுத்தாளலாம் என்று அவர்கள் விட்டுவிட்டதனால், மறு ஆண்டே பாகிஸ்தானின் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பிரயோஜனப்பட்டது. பிற்காலத்தில் பைதன் மொழியில் புதிதாய் எழுதப்பட்ட அதன் வடிவம் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. எங்கள் துக்கத்தில் பிறந்த பொருள் வைக்கப்பட்டிருந்த இடம் விலைபோனதென்றால் மனம் சற்றே துணுக்குறாதா?

சகானாவைப் போலவே எவரும் எடுத்தாளத்தக்க லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் புற்றுநோய் என்று 2001இல் வர்ணித்தவர் அதே மைக்ரோசொப்டின் அந்நாளைய பிரதம நிறைவேற்று அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதை மறவாத பலர், ஹைதராபாத்தில் பிறந்த சத்ய நாதெல்லா அந்த ஆசனத்தில் அமர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், தம் நிரல்களைக் கிட்லாப் முதலிய வேறிடங்களுக்கு அள்ளிக்கொண்டு போயினர். அவர்கள் அள்ளிக்கொண்டு போக முடிந்ததே ஒரு பாக்கியம். நிரலின் மாற்றங்களைப் பேண இலவசமாகப் பாவித்துவந்த பிட்கீப்பர் என்னும் கருவி கையைவிட்டுப் போனபோது, லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தாமே ஆக்கிக்கொண்டதும், கிட்ஹப்புக்கு அடிப்படையானதுமாகிய கிட் என்னும் கருவி, ஒவ்வொரு பிரதியிலும் நிரலின் முழுச் சரித்திரத்தையும் வைத்திருக்கும் இயல்புடையது. ஆகவே வாங்கியவர் நிரலை வாங்கவில்லை, இடத்தைத்தான் வாங்கினார்.

இடம் அற்பமா? எங்கள் கரையில் ஒரு வாடி கைமாறினால் கடல் கைமாறுவதில்லை. மீன்பிடிகாரன் தன் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வாடிக்குப் போகலாம். ஆனால் மீன் வாங்கும் வியாபாரியும் ஐஸ் கொண்டுவரும் லொறியும் பழைய வாடிக்கே வந்துகொண்டிருந்தால், புதிய இடத்தில் அவன் தனித்துத்தான் நிற்பான். அப்போது கிட்ஹப்பில் கூடியிருந்தோர் 2 கோடியே 80 இலட்சம் பேர். அவர்கள் அங்கே சொன்ன குறைகளும், செய்த வாதங்களும், ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பரிச்சயமும் கிட் பிரதியோடு கூட வருவதில்லை.

புதிய எஜமானர் வாடியைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லுவது அநியாயம். 2019 ஜனவரியில் பிறர் காணாத தனிப்பட்ட நிரற்களஞ்சியங்களை இலவசமாக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலுள்ளோரின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டதற்கும் காரணம் அமெரிக்கச் சட்டமேயன்றி விற்பனை அன்று. ஆனால் அங்கே பகிரங்கமாக வைக்கப்பட்ட நிரல்களைக் கொண்டு பயிற்றிய கோபைலட் என்னும், தானே நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2021இல் வெளியிட்டுப் பின்னர் அதற்குக் கட்டணமும் வாங்கத் தொடங்கியது வேறு விஷயம். அதன் பேரில் 2022இலேயே வழக்கும் எழுந்தது. எழுதியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டிய காரியம் அது என்பதே என் அபிப்பிராயம்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி கற்கும் பிள்ளைகளே, கிட்ஹப்பில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் நிரலின் முழுப் பிரதியொன்றை வேறோரிடத்திலும், அதைப் பற்றி நீங்கள் அங்கே விவாதித்தவற்றை உங்கள் சொந்த வட்டிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.