நாய்முகம்

விழா மலருக்கு ஏதாவது எழுதித் தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் பழஞ் செய்யுளொன்றைப் பற்றியோ, கல்லூரியின் தமிழ்த்தொண்டு பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுவதோ நாயின் முகத்தை வரைவது பற்றி. அன்பர்கள் பொறுத்தருள்க.

சென்ற தவணையில் ஒருநாள் சித்திர ஆசிரியர் வரவில்லை. ஆறாந் தரத்துப் பிள்ளைகளுக்கு அப்பாடவேளையை யாம் எடுக்க நேர்ந்தது. எமது பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழிற் காணப்படும் பாடம் தமிழ். சித்திரக் கல்வியோ பள்ளிப் பருவத்தோடு முடிந்தது. உறுப்பெழுத்து எழுதுவித்து நேரத்தைப் போக்கிவிடலாம் என்று கருதியே வகுப்பினுட் புகுந்தோம். பிள்ளைகள் சித்திரக் கொப்பிகளை விரித்துவைத்துக் காத்திருந்தனர். "சேர், நாய் கீறிக் காட்டுங்கோ" என்றான் முன்வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன்.

வெண்கட்டியை எடுத்தோம். நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனத் தமிழிற் சொற்கள் பல உள. அவற்றை எழுதச் சொல்லியிருந்தால் எம் கை தயங்கியிராது. ஆயினும் வரையத் தொடங்கியதும், எம்மையறியாமலே கை ஒரு முறையைப் பற்றிக்கொண்டு சென்றது.

முதலில் ஒரு வட்டம். பின்னர் அழிக்கத்தக்கதாய், அழுத்தாமற் கீறுதல் வேண்டும். அது தலை. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. குறுக்கே, நடுவுக்குச் சற்றுக் கீழாக மற்றொரு கோடு. பழகாதவர் பெரும்பாலும் கண்களை உச்சியிலே கொண்டுபோய் வைப்பர். நெற்றி என ஒன்று உண்டென்பதை மறந்துவிடுவர். கண்கள் குறுக்குக் கோட்டின்மீதே அமைய வேண்டும். அவற்றின் இடையே ஒரு கண்ணின் அகலத்துக்கு மேலாகவே இடம் விடல் வேண்டும். மனிதக் கண்ணிற் போல வெள்ளை அதிகம் காட்டலாகாது. அடுத்து, பெரிய வட்டத்தின் அடியில், அதன் விளிம்பைச் சற்றே தாண்டுமாறு, பாதியளவில் இன்னொரு வட்டம். நாயின் மூஞ்சி நீண்டதாயிற்றே, வட்டம் எவ்வாறு பொருந்தும் என ஐயுறலாம். அந்நீட்சி எம்மை நோக்கி வருவது. நேர்நின்று பார்ப்பவனுக்கு அது நீளமாய்த் தோன்றாது. சிறு வட்டத்தின் மேற்பாகத்தில் மூக்கு: மூலை மழுங்கிய, கீழ்நோக்கிய முக்கோணம். மூக்குத்துளைகளோ இரண்டு காற்புள்ளிகளை ஒன்றற்கொன்று புறங்காட்டி நிறுத்தியது போல்வன. (தமிழாசிரியனுக்கு உவமை வேறெங்கிருந்து வரும்?) மூக்கின் அடியிலிருந்து ஒரு சிறு கோடு இறங்கி, இருபுறமும் நங்கூரம் போல வளைந்தால் வாய்.

"சேரின்ரை நாய் அழுகுது" என்றான் அதே சிறுவன். உண்மைதான். புருவத்தின் உட்பக்கத்தை உயர்த்தி வரைந்துவிட்டோம். அவ்விடத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு அமைந்திருக்க, ஓநாய்களிடம் அவ்வாறு அமைந்திலது என 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. மனிதரோடு வாழ்ந்தே அப்பார்வையை நாய் பெற்றது போலும். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுச் செவிகளை வரைய முற்பட்டோம். அங்கே கை நின்றுவிட்டது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் பெயர்ந்த இரவில் எமக்கு வயது பதின்மூன்று. வேப்பமரத்தடியிற் கட்டியிருந்த ஜிம்மியைத் தந்தையார் அவிழ்த்துவிட்டார். தாயார் ஒரு பானைச் சோற்றை முற்றத்தில் வைத்தார். ஒழுங்கை முடிவு மட்டும் அது எம் பின்னே வந்தது. "போ" என்று தந்தையார் அதட்டியதும், போகாமலும் தொடராமலும் மழையில் அங்கேயே இருந்து எம்மைப் பார்த்தது. அப்பால் செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்திரளும். தென்மராட்சியிற் பல மாதங் கழித்து 1996இல் வீடு திரும்பினோம். சங்கிலி வேப்பமரத்து ஆணியில் தொங்கிற்று. ஜிம்மி இல்லை. அதனைப் படம் பிடித்து வைத்தாரும் இல்லை.

பள்ளி மீண்டும் தொடங்கிய நாட்களில், தெரிந்த விலங்கொன்றை வரையுமாறு சித்திர ஆசிரியர் பணித்தார். யாம் வரைந்ததை உற்றுநோக்கி, "இது ஆற்றை நாய், தம்பி?" என்றார்.

"எங்கடை நாய், சேர். ஒரு காது மடிஞ்சிருக்கும்."

"எந்தக் காது?"

எமக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டு எம் காலடியிற் கிடந்த நாயின் எச்செவி மடிந்ததென்று தெரியவில்லை. அழுதுவிட்டோம். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அமர்ந்து, மேலே கூறிய முறையை வட்டத்திலிருந்து வாய்வரை எம் கையாலேயே செய்வித்தார். "தெரியாததைக் கீறாதை, விட்டுவை" என்று சொல்லி எழுந்து சென்றார். அன்று மாலை வீட்டில் வினவினோம். இடப்பக்கம் என்றார் தாயார். வலப்பக்கம் என்றார் தந்தையார். வாக்குவாதம் முற்றி இருவரும் மௌனமாயினர். பின்னர் அவ்வீட்டில் அப்பேச்சு எழவேயில்லை.

கரும்பலகை நாயைச் செவியின்றியே விட்டுவிட்டு, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றோம். கல்லூரி வாயிலருகே நிழலிற் படுத்திருக்கும் ஊர்நாய்க்கும் ஒரு செவி நுனி மடிந்தது. அதனைப் பார்த்து வரையச் சொன்னோம். சிறிது நேரத்தில் இரு சிறுவரிடையே சச்சரவு. மடிந்தது இடச்செவி என்றான் ஒருவன். வலச்செவி என்றான் மற்றவன். கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். இருவரும் ஒரே செவியையே மடித்திருந்தனர். ஒருவன் தன் கைப்பக்கத்தைச் சொன்னான். மற்றவன் நாயின் பக்கத்தைச் சொன்னான். எதிரெதிரே இருப்பவர்க்கு இடமும் வலமும் மாறும் அல்லவா?

அக்கொப்பிகளோடு நெடுநேரம் நின்றிருந்தோம் போலும். மணி அடித்ததைப் பிள்ளைகளே நினைவூட்டினர்.

தந்தையார் இன்று இல்லை. மாலையில் தாயாரிடம் கேட்டோம்: "அம்மா, ஜிம்மியின்ரை காது இடப்பக்கம் எண்டு சொன்னனீங்கள். அது உங்கடை இடப்பக்கமோ, ஜிம்மியின்ரை இடப்பக்கமோ?"

தாயார் உடனே விடை கூறவில்லை. இரு கைகளையும் முன்னே நீட்டி, இல்லாத ஒரு தலையைத் தடவுவார் போல மெல்ல அசைத்துப் பார்த்தார். இடக்கை ஓரிடத்தில் நின்றது. "என்ரை இடக்கையிலதான் மடிஞ்ச காது படும்" என்றார்.

அவ்வாறாயின் அது ஜிம்மியின் வலச்செவி. தந்தையார் சொன்னதும் அதுவே.

அன்றிரவே ஒரு தாளில் வரைந்தோம். வட்டம், கோடுகள், கண், மூக்கு, வாய், இறுதியில் இரு செவிகளும். தாயார் கண்ணாடியை அணிந்து, தாளை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மூக்குத்தான் கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்றார்.