கோட்டுக்கு வெளியே நடப்பவர்கள்

இயந்திரத்தைப் பழிப்பது முற்போக்காளனின் வேலையன்று. மனித உழைப்பின் கடுமையைக் குறைக்கும் எந்தக் கருவியையும் வரவேற்க வேண்டியவர்கள் நாம். ஆயினும், ஒரு கருவி யாருடைய பாதுகாப்பை எண்ணி ஆக்கப்பட்டது, அதனாற் கிடைக்கும் ஓய்வு யாரைச் சென்றடைகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் கேளாமல் வரவேற்பது பேதைமை. சில மாதங்களாக ஒரு யப்பானியக் காரை ஓட்டிவரும் எனக்கு இக்கேள்விகள் உள்ளங்கையிலேயே உறைத்தன.

கார் என்னுடையதன்று, அத்தானுடையது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் வந்திறங்கியது. தொழில் நிமித்தம் வெளிநாடு சென்ற அவர், அதனை என் பொறுப்பில் விட்டுச் சென்றார். வன்னியில், ஏ-9 வீதியோரத்திலுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் அதிலேயே போய்வருகிறேன்.

இக்காரிலே ‘லேன் அசிஸ்ற்’ என்றொரு பொறி உண்டு. முன்கண்ணாடியின் மேற்புறத்தில் ஒரு சிறு கமரா இருக்கிறது. அது வீதியின் வெள்ளைக் கோடுகளை நோக்கிய வண்ணமிருக்கும். சைகை விளக்கைப் போடாமல் வண்டி கோட்டை அணுகினால், ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின்மோட்டாரே அதனைச் சற்று எதிர்ப்புறம் இழுக்கும். யப்பானில் 2001-ஆம் ஆண்டிலேயே நிசான் நிறுவனத்தின் சீமா என்ற காரில் இத்தகைய பொறி வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம், கோட்டை விட்டு விலகும் காரை அவசர வேளையில் திருப்பும் பொறியை 2022 யூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 யூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது.

அந்த இழுப்பு வன்மையானதன்று. ஏடு தொடக்கும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் பெரியவரின் கை போன்றது அது. மாலையில், எட்டுப் பாடவேளை கற்பித்துக் களைத்துத் திரும்பும்போது, மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட நெடுவழியில் அது பெருந்துணை. தோள்கள் தளர்கின்றன, கண்ணுக்கும் சிறிது ஆறுதல். இதனைக் கண்டுபிடித்த பொறியியலாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் எங்கள் வீதி கோடுகளுக்குள் அடங்குவதன்று. அதன் ஓரத்தில் என் மாணவர் இருவர் மூவராகக் கதைத்தபடி சைக்கிளில் வருவர். விறகுக் கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் நடப்பார். பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் பெட்டியை இழுத்துச் செல்லும். மாடுகள் எந்த நேரமும் குறுக்கிடும். இவர்களைக் கண்டதும் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு முழம் விலகிச் செல்வதே இங்கு சாரதியின் பண்பு. அப்படி விலகும் வேளையிலேதான் அந்தக் கை குறுக்கே வருகிறது. நான் வலப்புறம் திருப்ப, அது இடப்புறம், அதாவது சைக்கிள்காரன் இருக்கும் புறமாக, இழுக்கிறது. சற்று அழுத்தித் திருப்பினால் விட்டுவிடும், ஆபத்தில்லை. எனினும் அந்த ஒரு கணத்தில் நெஞ்சு திடுக்கிடுகிறது.

தொலைபேசியில் அத்தானிடம் முறையிட்டேன். “தம்பி, அது உமக்கு எதிரியில்லை. சிக்னலைப் போட்டிட்டு விலத்திப் பாரும், பேசாமல் விட்டிடும்” என்றார். உண்மைதான். சைகை விளக்கைப் போட்டால் பொறி தடுப்பதில்லை. விலகுவதற்கு முன் பின்னால் வருபவனுக்கு அறிவிக்க வேண்டுமென்ற நல்ல பழக்கத்தை அது என்னிடம் உறுதிப்படுத்தியது. ஆனாலும் ஒன்று தெளிவாயிற்று. அந்தப் பொறி அறிந்தது கோட்டை மட்டுமே; கோட்டின் ஓரத்தில் நடக்கும் மனிதனை அது அறியாது. மனிதரைக் கண்டு தடைபோடும் பொறிகள் வேறுண்டு. நான் பேசுவது இதனைப் பற்றியே.

காலபோக அறுவடைக் காலத்தில் இது இன்னும் விளங்கும். களமில்லாத கமக்காரர் நெல்லை வீதியோரத்திற் பரப்பி உலர்த்துவர். வெள்ளைக் கோடு நெல்லுக்கடியில் மறைந்துவிடும். உடனே கமரா செயலற்றுப்போக, பச்சை அடையாளம் அணைந்துவிடுகிறது. மனிதர் குனிந்து நின்று நெல்லைத் துழாவும் அந்த இடத்தில், முழுப் பொறுப்பும் சாரதியின் கைக்கே திரும்பி வருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. எங்கள் ஊரவர் ஒருவர் கொழும்புக்கு இரவு வான் ஓட்டுபவர். ஒருவழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விடியப் போய்ச் சேர்ந்து, அன்றிரவே திரும்ப வேண்டும். இப்பொறி பொருத்திய புதிய வானை வாங்கிய முதலாளி அவரிடம் சொன்னாராம்: “இனி நீர் கண்ணயர்ந்தாலும் வான் முழிச்சிருக்கும்.” ஓய்வு நாளொன்று கேட்டவருக்குக் கிடைத்த விடை இது.

இவ்விடை அறிவியலுக்கும் மாறானது. நெடுநேரம் கண்காணிக்கும் பணியில் மனிதனின் விழிப்பு அரைமணி நேரத்துக்குள்ளேயே குறையத் தொடங்குவதை 1948-இல் நோர்மன் மக்வேர்த் சோதனையாற் காட்டினார். இயந்திரம் எவ்வளவு வேலையை ஏற்கிறதோ, அவ்வளவுக்கு மனிதனுக்கு எஞ்சுவது வெறுங் கண்காணிப்பு. அதுவோ அவனுக்கு மிகக் கடினமானது என 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் எழுதினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் சில வினாடிகளில் இப்பொறியே எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. தன்னை நம்பித் தூங்காதே என்று பொறியே சொல்லும்போது, தூங்கலாம் என்று சொல்வது இலாபம்.

ஆகவே நாம் கோரவேண்டியவை எளியவை. நெடுந்தூரச் சாரதிக்குச் சட்டப்படியான ஓய்வும், இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதியும் வேண்டும். பாடசாலை வீதிகளில் சைக்கிளுக்கும் நடைக்கும் தனிப்பாதை வேண்டும். கமக்காரனுக்கு நெல் உலர்த்தக் களம் வேண்டும். இவை கிடைத்தபின் அந்தச் சிறு கமரா எங்கள் வீதியிலும் தன் பணியைச் செம்மையாகச் செய்யும். அதுவரை, சைகை விளக்கைப் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி விலகிச் செல்வோம். ஓரத்தில் வருபவர்கள் நம் பிள்ளைகள்.