கமலா, ஜாக்கி, ஒரு முருகன்

திருவண்ணாமலை,
ரமணாசிரமம் பக்கம்

அன்புள்ள சங்கரா,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். மலையையும் கிரிவலத்தையும் பற்றி நீயே எனக்குப் பாடம் எடுத்தவன், அதனால் நாயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதே.

செங்கம் ரோட்டில் ஒரு காபிக்குக் கேட்கிற காசுக்கு நம்ம ஊரில் டிபனையே முடித்துவிடலாம். சரி, காபியாவது கள்ளிச்சொட்டாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கடுப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் புடவை கட்டின ஒரு வெள்ளைக்கார அம்மாள், எழுபது வயதிருக்கும், "முருகா! வா, முருகா!" என்று உருகினாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தால், பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு செவலை நாய் சோம்பல் முறித்துக்கொண்டு வந்து அவள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கவ்விற்று.

டீ மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "சாமி பேரை நாய்க்கு வைக்கிறாங்க பாருங்க சார்."

"பைரவருக்கு நாய்தானே வாகனம்?" என்றேன்.

"வாகனமா நிக்கட்டும் சார், சாமியாவே ஆக்கணுமா?"

அவர் வளர்க்கும் நாயின் பேர் டாமி. உன் வீட்டு ரோஸி மட்டும் என்னவாம்? அசல் கன்னி வேட்டை நாய், கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தது, பேரை மட்டும் துரைமாரிடம் கடன் வாங்கியிருக்கிறாய். இங்கே வெள்ளைக்காரர்கள் எடுத்து வளர்க்கிற தெருநாய்க்கெல்லாம் லட்சுமி, கணேசா என்று நாமகரணம் நடக்கிறது.

அம்மாளுக்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்துப் பக்கம். அவள் பேச்சு பிடிபடவே நேரமாயிற்று. மத்தியானம் 'ஆர்வோ', கொசு 'மோஸி', காலைச் சாப்பாடு 'பிரெக்கி', பெட்ரோல் பங்க் 'சர்வோ'. எந்தச் சொல்லையும் முழுசாகச் சொல்லி முடிக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது போலிருக்கிறது. சின்ன வயதில் அவள் வீட்டில் ப்ளூயி என்று ஒரு நாய் இருந்ததாம். அந்த ஊரில் செம்பட்டைத் தலைக்காரனைக்கூட 'நீலம்' என்று அர்த்தப்படுகிற அந்தப் பேரால்தான் கூப்பிடுவார்களாம். டீ மாஸ்டருக்கு இதைச் சொன்னேன். "இதென்ன அதிசயம்? எங்க தெருவுல கன்னங்கரேல்னு ஒருத்தர் இருக்காரு, பேரு வெள்ளைச்சாமி" என்றார் அலட்சியமாக. நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் அம்மாள் சிரித்த சிரிப்பில் காபி புடவையில் கொட்டிற்று.

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. விக்டோரியாவில் ப்ளூயி என்றே ஒரு மந்தை நாய் 29 வருஷம் வாழ்ந்து 1939இல் செத்ததாம். கண்டகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்த நாய்க்குச் சிலை உண்டாம், 1932இல் பிரதமர் லயன்ஸே வந்து திறந்துவைத்தாராம். "உங்களிடம் இதைவிடப் பெரிசு இருக்கிறதே" என்று சொல்லி ஆசிரமத்துக்குள் கூட்டிப் போனாள். தமிழ்நாட்டுக்காரனுக்கு வழிகாட்ட குவீன்ஸ்லாந்திலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது!

1948இல் இறந்துபோன பசு லட்சுமியின் சமாதி. அதை ஒட்டி மான், காக்கை, ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகள். ஜாக்கி நோயில் கிடந்தபோது மெத்தை போட்டுப் படுக்கவைத்துப் பகவான் ரமணரே பார்த்துக்கொண்டார். நாயை 'அது' என்று சொல்லமாட்டார், அவன், அவள்தான். அவர் விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் சின்னக் கருப்பன் என்ற நாய். ஸ்கந்தாசிரமத்தில் இருந்தபோது கமலா. புதிதாக வந்தவரைக் கமலாவிடம் காட்டி, "கூட்டிக்கொண்டு போய்க் காட்டு" என்பாராம். அவள் தீர்த்தம், சன்னதி என்று ஒவ்வொன்றாகக் காட்டி மலையையும் சுற்றவைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாளாம். என்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிவந்த ஆட்டோக்காரர் கேட்ட கூலியை நினைத்துக்கொண்டேன்.

கருப்பன், கமலா, ஜாக்கி. அவரைப் பொறுத்தவரை எல்லாம் பிள்ளைகள். இங்கிலீஷ் பேர், தமிழ்ப் பேர் என்ற வழக்கே எழுந்ததாகத் தெரியவில்லை. நானும் டீ மாஸ்டரும்தான் அதற்கு ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தோம்.

ரோஸி குட்டி போட்டதும் ஒன்று எனக்கு. பேரை நானே வைத்துக்கொள்கிறேன், உன் சம்சாரத்தைக் கேட்காதே, பிரவுனி என்பாள். பௌர்ணமிக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். அந்தக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

உன்,
மாரியப்பன்