உப்புக்கு வரி இல்லை... பெட்டிக்கு உண்டு!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் பறக்கிற நண்பர்கள் அனுமந்தையைக் கவனித்திருக்க மாட்டார்கள். மரக்காணம் வந்ததும் ஒருத்தர், "வெள்ளை வெளேர்னு குவிச்சு வெச்சிருக்காங்களே, என்னடா அது?" என்பார். இன்னொருத்தர், "உப்புடா!" என்பார். அதற்குள் அனுமந்தையும் பின்னால் போயிருக்கும். எனக்கு மட்டும் அந்த ஊரைத் தாண்டிப் போகிற தைரியம் கிடையாது. அங்கே என் அத்தை இருக்கிறார்.

போன மாசியில் ஆபீஸ் வேலையாய் டில்லி போக வேண்டியிருந்தது. அத்தை மகன் டில்லியில்தான் வேலையில் இருக்கிறான். "மச்சானுக்கு ஏதாவது தரணுமா அத்தே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அத்தை உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். தூக்கினால் தோள்பட்டை இறங்கியது. நாலு கிலோ கல் உப்பு!

"டில்லியில உப்பு கெடைக்காதா அத்தே?"

"கெடைக்கும். நான் வாருன உப்பு கெடைக்குமா? எடுத்துக்கினு போப்பா."

இதற்குப் பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

அத்தை வேலை செய்கிற உப்பளத்தை அன்று சாயங்காலம் பார்த்தேன். கழிமுகத்துத் தண்ணீரைப் பாத்தியில் கட்டுகிறார்கள். வெயிலில் அது சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். அதைப் பலகையால் வாரி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து வரப்பில் கொட்ட வேண்டும். ஐப்பசி மழை வந்தால் வேலை நின்றுவிடும். வெயில்தான் சம்பளம், அந்த வெயிலேதான் கண்ணையும் கூச வைத்துக் கெடுக்கிறது. பக்கத்திலேயே பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் சென்னைக்கு உப்பும் விறகும் படகில் போன வழி. அந்தப் படகுக்காரர் யாரும் 'பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது' என்று சொல்லியிருக்க மாட்டார்!

மறுநாள் சிக்கனமாகவே கிளம்பினேன். வாடகைக் கார் வைத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். திண்டிவனம் போய், கிளாம்பாக்கத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், பிறகு திரிசூலத்துக்கு மின்சார ரயில். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். (நகரத்துக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ வேறு இருக்கிறது.) 'எவ்வளவு மிச்சம் பிடித்தாய் பார்த்தாயா?' என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு கவுண்டரில் பெட்டியை வைத்தேன்.

பத்தொன்பது கிலோ!

"பதினைந்துதான் சார் இலவசம். அதிகப்படி நாலு கிலோ. கிலோவுக்கு அறுநூறு. ரெண்டாயிரத்து நானூறு ஆகும்" என்றார் அந்தப் பெண், காலண்டரில் தேதி சொல்வதுபோல.

கடையில் நாலு கிலோ கல் உப்பு என்ன விலை சார்? அதற்கு ரெண்டாயிரத்து நானூறா! 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு வரியை எதிர்த்துத்தான். 1947-ல் அந்த வரி போயிற்று. இன்றைக்கு உப்புக்கு ஜி.எஸ்.டி. கூடக் கிடையாது. ஆனால் அது பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் கதையே வேறு!

பெட்டியை இறக்கி ஓரமாய் வைத்தேன். துணிப்பையை எடுத்தேன். பக்கத்தில் குப்பைத்தொட்டி. ஆமாம், மறைக்காமல் சொல்கிறேன். போட்டுவிடலாம் என்றுதான் கை நீட்டினேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்தார்.

"என்னாப்பா அது?"

"உப்பும்மா. எடை ஜாஸ்தியாயிடுச்சு."

"உப்பைப் போய்க் கொட்டுவாங்களா? வேற ஏதாச்சும் எடுத்து வெளிய வை."

வேற ஏதாச்சும்! அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? பெட்டியைத் திறந்தேன். டில்லிக் குளிருக்கு வைத்திருந்த ஸ்வெட்டரைப் போட்டேன். அதன் மேல் ஜெர்கின். செருப்பைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஷூவை மாட்டினேன். கைப்பையில் ஏழு கிலோ வரை அனுமதி. என்னுடையது நாலுதான் இருந்தது. ஆபீஸ் பைல், சார்ஜர், ஜீன்ஸ் எல்லாம் அதற்குள் போயின. மறுபடி தராசு: பதினாலு கிலோ எழுநூறு கிராம். சென்னை வெயிலில் ஸ்வெட்டர், ஜெர்கினோடு வியர்த்து நின்ற என்னைப் பார்த்து கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரிக்கட்டும். ரெண்டாயிரத்து நானூறு மிச்சம்!

அன்று கற்றதையும் பிறகு கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் நாம் கட்டுகிற உபரிக் காசில் பெரும்பங்கு, வீட்டில் செய்யாமல் விட்ட வேலைக்கு அபராதம். எடை கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டுங்கள், கவுண்டரைவிட மலிவு. ஜன்னலோர சீட்டுக்கு இவ்வளவு, காலை நீட்ட இவ்வளவு என்று செல்போன் கேட்கும். பதற வேண்டாம், ஒன்றும் எடுக்காவிட்டால் மிச்சமிருக்கும் சீட்டில் ஒன்றை அவர்களே தருவார்கள். கவுண்டரில் போர்டிங் பாஸ் தரத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2022 ஜூலையிலேயே விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியாயிற்று. காலி பாட்டில் கொண்டுபோங்கள். சோதனை தாண்டியதும் குடிநீர்க் குழாய் இருக்கிறது. டீ குடிக்காமல் இருக்க முடியாதவர்களுக்கு, 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். டீ பத்து ரூபாய், சமோசா இருபது ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

டில்லியில் மச்சான் பையைப் பிரித்தான். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குப்பைத்தொட்டி ஞாபகம் வந்தது.

ராத்திரி அத்தை போன். நான் வந்து சேர்ந்தேனா என்று கேட்கவில்லை.

"உப்பு வந்து சேந்துச்சா?"

கதையெல்லாம் சொன்னேன். தொட்டியை மட்டும் விட்டுவிட்டு. ரெண்டாயிரத்து நானூறு என்றதும் எதிர்முனையில் மௌனம்.

"நல்ல வேள, கட்டாம வந்த. அஞ்சாறு நாள் வெயிலுப்பா அது."

அடுத்த முறை டில்லி போகும்போது அனுமந்தையிலேயே பெட்டியைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிவிட்டேன். அத்தை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்போடு சேர்த்துப் பதினாலு கிலோ எண்ணூறு.

"இன்னும் எரநூறு கிராம் இருக்குது இல்ல?"

"இருக்கு அத்தே."

"கொஞ்சம் கருவாடு வெச்சுடட்டுமா?"